நீடித்ததும் நீட்டித்ததும்

கண்ணாடிக்கடைக்காரர் அவளை முதன்முதலாகப் பார்த்த அன்றே, அவள் அவருடைய தொழிலில் ஒரு குற்றம் கண்டுபிடித்தாள். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கின் மேல் கனத்த சோதனைச் சட்டம். அவர் வழக்கம்போல லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "எது தெளிவா தெரியுது? முதல்ல போட்டதா, ரெண்டாவதா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா என்ன சொல்றது?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப அது என் பதில் இல்லையே. நீங்க என் வாயில போட்டது."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் போன பிறகு, அடுத்து வந்தவரிடம் அவர் வாய் தானாகவே, "முதல்லயா, ரெண்டாவதா, இல்ல ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டது. அன்றிலிருந்து கடையில் அதுதான் வழக்கம். கண்ணாடி வாங்கிப்போன அவள் அடுத்த வாரமே, திருகு லூசாக இருக்கிறது என்று வந்தாள். திருகு சரியாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தாள். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவைதான் அவருக்கு மண்டையில் உறைத்தது. வீட்டில் கல்யாணம் பேசி முடிப்பதற்குள் அந்தத் திருகை அவர் எத்தனை முறை முறுக்கினார் என்று இருவருக்குமே தெரியாது.

அவள் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் கேள்வி எழுதுகிறவள். வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்கள் கையில் ஒரு தாள் இருக்குமே, அதில் உள்ள கேள்விகளை எழுதுவது அவள் வேலை. மேலே குழு உட்கார்ந்து பெரிய வார்த்தைகளில் எதையாவது எழுதி அனுப்பும். வாசலில் நிற்கிற மனிதருக்குப் புரிகிற மாதிரி அவள் அதை மாற்றித் தரவேண்டும். அலுவலகத்தில் எல்லோரும் அவளைக் 'கேள்வி' என்றே கூப்பிட்டார்கள். "கேள்வி இன்னிக்கு லீவா?" என்று வெளியாள் முன்னால் கேட்டு, அவர் முழித்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

கணக்கெடுப்பவர்களுக்கு அவள் போட்ட சட்டம் ஒன்றுதான். கேள்வியைப் படி, வாயை மூடு, காத்திரு. புரியவில்லை என்றால் ஓர் எழுத்தும் மாற்றாமல் திரும்பப் படி. எத்தனை தடவை கேட்டாலும் படி. விளக்கம் மட்டும் சொல்லாதே. சொன்னால் வருவது உன் பதில்.

வீட்டில் சாப்பாட்டு மேஜைதான் அவளுடைய பரிசோதனைச் சாலை. எந்தக் கேள்வியானாலும் முதலில் கணவரிடமும், மாடியில் குடியிருந்த அவருடைய அக்காவிடமும் கேட்டுப் பார்த்துவிடுவாள். "மத்த வீட்டுல சாப்பிட உக்காந்தா கையைக் கழுவினா போதும். இங்க வாக்குமூலமும் குடுக்கணும்" என்பார் அக்கா. குறைபட்டுக்கொள்வாரே தவிர, கேள்வி இல்லாத நாளில், "ஏன், இன்னிக்கு நாட்டுல ஒண்ணும் நடக்கலையா?" என்று அவரே ஆரம்பிப்பார்.

இப்படி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து பிறர் கேள்விகளையே திருத்திக்கொண்டிருந்தவள், தன் கேள்வி என்று ஒரே ஒரு பக்கத்துக்கு ஆசைப்பட்டாள். நாட்டின் வளர்ச்சி நிலைக்கக்கூடியதுதானா என்று அளந்து பார்க்கவேண்டும் என அரசாங்கம் அறிவித்த சமயம் அது. உற்பத்தி, ஏற்றுமதி, சாலை, மின்சாரம் எல்லாவற்றுக்கும் அலுவலகங்களிலேயே கணக்கு இருந்தது. வீடுகளைப் போய்க் கேட்கத் தேவையில்லை என்பது மேலிடத்தின் எண்ணம். அவள் விடவில்லை.

"வளர்ந்துச்சா வளர்ந்துச்சான்னு எல்லாரும் கேக்கறாங்க" என்றாள் ஓர் இரவு, தட்டில் கையை வைத்துக்கொண்டே. "எதைத் தின்னு வளர்ந்துச்சு, அது இன்னும் எவ்வளவு மீதி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. அது வீட்டுல இருக்கறவங்களுக்குத்தாங்க தெரியும்."

"முதல்ல நீ தின்னு. ஆறிப்போச்சு" என்றார் அக்கா.

கடைசியில் அவளுடைய இயக்குநர் இறங்கி வந்தார். கணக்கெடுப்புத் தாளில் ஒரு பக்கம் தருகிறேன், சோதனை ஓட்டத்தில் அட்டவணை போடும்படியான பதில் வந்தால் பக்கம் உனக்கு, வராவிட்டால் செல்போன் கணக்கெடுக்கிற பிரிவு அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, அதற்குக் கொடுத்துவிடுவேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு பலவீனம். 'நீடித்த வளர்ச்சி' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்த குழுவில் அவரும் இருந்தார். அந்தக் குழு 'நிலையான வளர்ச்சி'யா 'நீடித்த வளர்ச்சி'யா என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்டது. 'நிலையான' என்று வைத்தால் நின்றுபோன வளர்ச்சி என்று எவனாவது கேலி எழுதுவான் என்று வாதாடி ஜெயித்தவர் அவர். பெற்ற பிள்ளை மாதிரி அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டார். கேள்வியில் அது இருந்தே தீரவேண்டும்.

அவள் மேஜையில் அதைக் கேட்டுப் பார்த்தாள். "அண்ணி, உங்க வாழ்க்கையில நீடித்த முன்னேற்றம் இருக்கா?"

"நீடிச்ச முட்டிவலி இருக்கு" என்றார் அக்கா. "முன்னேற்றம் ஒண்ணும் தெரியல. அந்தத் தைலத்தை எடு."

தெருவில் நாலு வீட்டில் கேட்டாள். நீடித்த சர்க்கரை, நீடித்த மூச்சிரைப்பு, நீடித்த தலைவலி. மறுநாள் இயக்குநரிடம் போய், "சார், நம்ம நாட்டுல நீடிச்சு நிக்கறது வியாதி ஒண்ணுதான் சார்" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

வேறு சொல் தேடினாள். 'இப்படியே போனால் தாங்குமா?' என்று ஒன்று எழுதி மேஜைக்குக் கொண்டுவந்தாள். அக்காவின் முகம் மாறியது.

"யாரைத் தாங்குறதைப் பத்திக் கேக்கற? நான் மாடியில இருக்கறது தாங்கலைன்னா நேரா சொல்லிடு. சர்வே பண்ணித்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"ஐயோ அண்ணி, நான் நாட்டைக் கேட்டேன்."

"நாட்டைக் கேக்கறவ என் மூஞ்சியைப் பாத்து ஏன் கேக்கற?"

அன்று மாடியேறிய அக்கா மறுநாள் மாலை வரை கீழே இறங்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கீழ் வீட்டுக்கும் மாடிக்கும் நடுவே தட்டோடு ஏறி இறங்கினார்.

அடுத்து, 'உங்கள் பிள்ளைகளுக்கு மிச்சம் இருக்குமா?' நிலத்தடி நீரையும் மண்ணையும் மனதில் வைத்து எழுதியது. கேட்கப்போனவர் ஒரு பெரியவரிடம் இதைப் படித்தபோது பக்கத்தில் இரண்டு மகன்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் நிமிர்ந்தார்கள். "அப்பா, எனக்கும் அது தெரியணும்" என்றான் ஒருவன். "உங்களை யாரு அனுப்பினது, எங்க சித்தப்பாவா?" என்று எழுந்தான் இன்னொருவன். கேட்கப்போனவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"பாத்தியா" என்றார் இயக்குநர். "என் சொல்லு ஒண்ணுதான் யாரையும் அடிக்க வராது." தன் கையாலேயே ஒரு கேள்வி எழுதித் தந்தார்: 'கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் வீட்டிலும் தொழிலிலும் நீடித்தவை எவை?' சோதனை ஓட்டம் அதை வைத்தே நடந்தது.

பதில்கள் வந்தன. எங்கள் சண்டை. எங்கள் கல்யாணம். முட்டிவலி. ஒரு சைக்கிள் பூட்டு. இதை வைத்து எந்த அட்டவணையும் போட முடியாது. அவள் வீட்டில் பேச்சைக் குறைத்தாள். அக்காவே பயந்துபோய், "ஏதாவது கேளேன், சொல்றேன்" என்றார்.

மறுநாள் மாலை அவள் கடைக்கு வந்தாள். கூட ஒரு பெரியவரையும் அழைத்து வந்திருந்தாள். 'எக்ஸ்பிரஸ்' என்று அலுவலகத்தில் பெயர் வாங்கியவர். கணக்கெடுப்பில் தலை நரைத்தவர். பேச ஆரம்பித்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்கமாட்டார்.

"இவருக்குக் கண்ணை டெஸ்ட் பண்ணுங்க" என்றாள் கணவரிடம். "போன எடத்துல எல்லாம் கேள்வியைத் தப்பாப் படிச்சிருக்காருன்னு கூடப் போனவங்க சொல்றாங்க."

கண்ணாடிக்கடைக்காரர் அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். எக்ஸ்பிரஸ் கடைசி வரியின் பொடி எழுத்தைக்கூட மூச்சு விடாமல் படித்துவிட்டு, அதற்குக் கீழே அட்டை அச்சடித்தவர் விலாசத்தையும் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை.

"அப்ப இதைப் படிங்க" என்று அவள் தாளை நீட்டினாள்.

"கடந்தபத்தாண்டுகள்ல உங்கவீட்லயும் தொழில்லயும் நீட்டித்தவைஎவை."

"நிறுத்திப் படிங்க."

"நீட். டித். தவை."

"அதுல 'ட்' எங்க இருக்கு?"

எக்ஸ்பிரஸ் தாளைக் கிட்டே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். "அட" என்றார். வாழ்நாளெல்லாம் எழுத்துகளை விழுங்கியே பழகிய மனிதர், இந்த ஓர் இடத்தில் மட்டும் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் துப்பியிருந்தார்.

"சரி, நீட்டித்தவை எவைன்னு கேட்டா ஜனங்க முழிக்கலையா?" என்று கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார்.

"எதுக்கு முழிக்கணும்? கொட்டிட்டாங்க" என்றார் எக்ஸ்பிரஸ். "படகுக்காரர் ஒருத்தர், அதே மீனுக்கு முன்ன கரை தெரியற தூரத்துல வலை போட்டேன், இப்ப கரை மறையற வரைக்கும் போறேன்னாரு. தோட்டக்காரம்மா கிணத்துக் கயித்துல முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டு நீட்டிக்கிட்டே இருக்காங்க. செங்கல் சூளைக்காரர் மண்ணுக்கு ரெண்டு ஊர் தள்ளி லாரி அனுப்பறாராம். பருத்தி போடறவர் உரத்தோட அளவை நீட்டியிருக்கார், ஆனா மூட்டை அதே மூட்டைதான். ஒரு அம்மா, மாமியார் ஊருக்குப் போற தேதியை நீட்டிக்கிட்டே இருக்காங்கன்னு அழுதாங்க. அதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். கடைக்காரர் பயந்துபோனார். சண்டை போடத்தான் அழைத்து வந்தாள் என்று நினைத்திருந்தார்.

"அந்தக் கயிறு" என்றாள். "அதைத் திரும்பச் சொல்லுங்க. மெதுவா."

எக்ஸ்பிரஸ் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார்.

அன்று இரவு மேஜையில் கேள்வி இல்லை, கதைதான். தண்ணீர் குடம் அதே குடம், ஆனால் கயிறு நீளம். மீன் அதே மீன், ஆனால் கடல் தூரம். அலுவலகக் கணக்கில் குடமும் மீனும் மட்டும்தான் ஏறும், கயிறு ஏறாது. "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு தோணும். கயிறு தீர்ற அன்னிக்குத்தான் தெரியும்" என்றாள். அக்கா கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

இயக்குநர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "செல்லாது." தாளில் இருந்த கேள்வி ஒன்று, கேட்ட கேள்வி இன்னொன்று, அந்தப் பதில்களை ரத்து செய்வதுதான் விதி. அந்த விதியை எழுதியதே அவள்தான். ஓர் எழுத்தும் மாற்றக்கூடாது என்று எல்லோரிடமும் சண்டை போட்டவள் எந்த வாயால் எதிர்த்துப் பேசுவாள்? "விதி சரிதான் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமை பக்கம் செல்போன் பிரிவுக்குப் போவதாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கடையில் துடைப்பதும் அடுக்குவதுமாக, துடைத்த சட்டத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது ஓர் அம்மாள் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தார். இழுபட்டு வந்தவர் இயக்குநர். இது அவள் கடை என்று அவருக்குத் தெரியாது; அவளைக் கண்டதும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

"இவருக்குப் படிக்கிற கண்ணாடி வேணும்" என்றார் அந்த அம்மாள்.

"எனக்கு எதுக்கு? எல்லாம் படிக்க முடியுது."

"படிச்சுக் காட்டுங்க."

கண்ணாடிக்கடைக்காரர் படிக்கும் அட்டையைக் கொடுத்தார். இயக்குநர் கையை முழுக்க நீட்டினார். அதுவும் போதாமல் தலையைப் பின்னால் சாய்த்தார். பின்னந்தலை சுவரில் முட்டியது. அந்த நிலையில் ஒரு வரி விடாமல் சரியாகப் படித்தார்.

"பாத்தீங்களா? முடியுது."

"முடியுது" என்றார் அவர் மனைவி. "முன்ன மடியில வெச்சுப் படிச்சீங்க. அப்புறம் மேஜை. இப்ப கையும் போதாம சுவத்துல வந்து நிக்குது. அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர் பிடிச்சுக்கிட்டு நிப்பாரா?"

கடைக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. துடைத்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்தாள்.

"சார், படிக்க முடியுதான்னு கேட்டா நீங்க முடியுதுன்னுதான் சொல்வீங்க. அது பொய்யும் இல்ல. கையை எவ்வளவு நீட்டறீங்கன்னு கேட்டாத்தான் சார் விஷயம் வெளிய வரும்."

இயக்குநரின் கை நீட்டியபடியே இருந்தது. அட்டையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார், முழங்கை வரை, தோள் வரை. அவளுடைய சட்டமே அதுதானே: கேட்டாகிவிட்டது, இனி வாயை மூடிக் காத்திருக்கவேண்டும். கடைக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தார். அவள் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தாள்.

"லென்ஸைப் போடுங்க" என்றார் இயக்குநர் கடைசியில்.

கடைக்காரர் போட்டார். "முதல்லயா, ரெண்டாவதா, இல்ல ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டாவது." அட்டை மெல்ல மெல்ல மடிக்கு இறங்கி வந்தது. கொஞ்ச நேரம் அவர் படிக்கவேண்டிய அவசியமே இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எக்ஸ்பிரஸ் கொண்டுவந்த பதில் செல்லாது" என்றார், நிமிராமல். "விதி விதிதான். ஆனா அந்தக் கேள்வியைத் தாள்லயே ஒழுங்கா அச்சடிச்சு மறுபடி எல்லா எடத்துலயும் கேட்டா, அப்ப செல்லும்." கடையை விட்டு இறங்கும்போது திரும்பினார். "பக்கத் தலைப்புல 'நீடித்த' இருக்கணும். அதுல கை வைக்கக் கூடாது."

"வைக்கல சார்" என்றாள் அவள். அவர் தெருமுனை திரும்பும் வரை பொறுத்திருந்தாள். பிறகு, கால் மிதிபட்ட கணவர் நொண்டிக்கொண்டே வந்து என்னவென்று கேட்க, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அந்தக் கேள்வியை அவள் அக்காவிடம் பல தடவை கேட்டுக் கேட்டுத்தான் செதுக்கினாள். கடைசியில் நின்றது இது: 'முன்ன கிடைச்சது அதே அளவு இப்பவும் கிடைக்க, எதையாவது நீட்ட வேண்டியிருக்கா? தூரமா, ஆழமா, நேரமா, வேற ஏதாவதா, இல்ல ஒண்ணுமே இல்லையா?' கடைசித் துண்டைப் படித்ததும் கண்ணாடிக்கடைக்காரர், "இது என் கடைக் கேள்வி" என்றார். "உங்க கடைக்கு அதைக் குடுத்தது யாரு?" என்றாள் அவள்.

பக்கம் நிலைத்தது. பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. உற்பத்தியில் முதலிடம் பிடித்த மாவட்டமே கிணற்றின் ஆழத்தை நீட்டியதிலும் முதலிடம் பிடித்திருந்தது. அதைப் பத்திரிகைகள் உள்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டன. ஆனால் நீர்வளத் துறையிலிருந்து அட்டவணை கேட்டு ஆள் வந்தார். மறு வருஷம் மீன்துறையிலிருந்தும். அதற்கப்புறம் ஒரு வருஷம் ஒரு விநோதமான பதில் வந்தது. ஊரே சேர்ந்து ஏரியைத் தூர்வாரிய இடத்தில், ஒரு பெண் கயிற்றை வெட்டிச் சுருக்கிவிட்டேன் என்று சொல்லியிருந்தாள். தாளில் அதை எழுத இடமில்லை. கேள்வியை எழுதியவள் தானே அதை மறந்துபோனதற்காகத் தலையில் அடித்துக்கொண்டு, 'சுருக்கியவை' என்று ஒரு கட்டம் சேர்த்தாள். அன்று மேஜையில் அவள் முகம், திருகு லூசாக இருக்கிறது என்று வந்து நின்றபோது இருந்த மாதிரியே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவள் அதிக காலம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் கேள்வி திருத்துவதை விடவில்லை. "வலி எப்படி இருக்கு? ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லுங்க" என்றார் டாக்டர். "எதோட ஒப்பிட்டு?" என்று கேட்டாள். டாக்டர் யோசித்து, "நேத்தோட" என்றார். "அப்ப அப்படிக் கேளுங்க" என்றாள். அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் டாக்டர் அப்படியே கேட்பது காதில் விழுந்தது. அவள் கணவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

அவள் போன அடுத்த வருஷம், ஒரு முற்பகலில், வீட்டு மணி அடித்தது. கணக்கெடுக்கும் பெண் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு கணினி. மாடியிலிருந்து அக்கா, "யாரு?" என்றார்.

"சர்வே, அக்கா."

"நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லியாச்சுன்னு சொல்லு. நாலு தடவை" என்றார் அக்கா. ஆனால் படியிறங்கும் சத்தமும் கேட்டது.

அந்தப் பெண் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் சொன்னார். இப்படி ஒவ்வொன்றாக வந்து, அவள் திரையைத் தள்ளினாள். மேலே 'நீடித்த வளர்ச்சி' என்று தலைப்பு தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"முன்ன கிடைச்சது அதே அளவு இப்பவும் கிடைக்க, எதையாவது நீட்ட வேண்டியிருக்கா? தூரமா, ஆழமா, நேரமா, வேற ஏதாவதா, இல்ல ஒண்ணுமே இல்லையா?"

படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். காத்திருந்தாள். நன்றாகப் பழக்கியிருந்தார்கள். அக்கா கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரரிடம் பதில் இருந்தது. மோட்டார் முன்பைவிட அதிக நேரம் ஓடினால்தான் தொட்டி நிரம்புகிறது. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார்.

"புரியலையா சார்?"

"புரிஞ்சுது. படிங்க."

அந்தப் பெண் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, ஓர் எழுத்தும் மாற்றாமல், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து படித்தாள்.